பொட்டு வைத்த தோட்டாக்கள்

சிட்னி விமான நிலையத்தில் என் தங்கை கலைச்செல்வி கேட்ட முதல் கேள்வி, பயணம் சுகமா என்பதல்ல. என் காதருகே வந்து, "அண்ணே, அவருகிட்ட எப்பப் பேசப்போற?" என்றாள். அந்த அவர் இரண்டடி தள்ளி என் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். "முதல்ல ஒரு காப்பி குடிக்க விடு" என்றேன்.

நான் போனதே அதற்காகத்தான். அவள் கணவர் இளங்கோ, எனக்கு மாப்பிள்ளை, கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்தவர். ஆஸ்திரேலியாவின் வடக்கே எருமைகள் காட்டு விலங்காகத் திரிகின்றன. யாரோ எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து இறக்கி, பிறகு கைவிட்ட மாடுகளின் வாரிசுகள். அவற்றுக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குழு போகும். முன்னால் போகும் வேட்டைக்காரர் சுடுவார். பின்னால் போகும் மருத்துவர் ரத்தம் எடுப்பார். விழுந்த எருமை செத்துவிட்டதா, அடிபட்டுப் புல்லுக்குள் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பது கிட்டப் போனால்தான் தெரியும். அதனால் மருத்துவர் கையிலும் ஒரு பெரிய ரைபிள் இருக்க வேண்டும்.

போன வருடம் மருத்துவராகப் போனவர் சிவநேசன் என்று மெல்பனில் இருக்கும் இலங்கைத் தமிழர். மாப்பிள்ளையின் துறையிலேயே வேலை பார்ப்பவர். ஓர் எருமைக் கிடா அவரைத் தூக்கி எறிந்து காலை முறித்துவிட்டது. இந்த வருடம் மாப்பிள்ளையின் முறை. "எமன் வாகனத்துக்கே ஊசி போடப் போறாராம்" என்று கலை போனில் அழுதாள். நான் வந்து, போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்பது அவள் கணக்கு.

அந்த மரியாதை எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடலைக் காட்டுக்கு வரும் பன்றிகளுக்காக என்னிடம் லைசென்ஸோடு ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பேன், முடிந்தால் வாங்கி வருவேன். மற்ற நாட்களில் சத்தம் போட்டுப் பன்றியை விரட்டுவேன். இதுவரை ஒரு பன்றியையும் நான் சுட்டதில்லை. ஆனாலும் குடும்பத்தில் துப்பாக்கி என்றால் நான்தான் நிபுணன்.

மறுநாள் காலை, சிட்னிப் புறநகரான நார்த்மீட் வீட்டில் என்னை எழுப்பியது மாப்பிள்ளையின் பாட்டு. குளியலறைக்குள் போனால் அவர் பாடாமல் வெளியே வர மாட்டார். ராகம் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். "பக்கத்து வீட்டுக்காரன் போலீசக் கூப்பிடப் போறான்" என்று கலை கதவைத் தட்டினாள். பாட்டு இன்னும் உச்சத்துக்குப் போனது.

பேச்சை எடுக்கலாம் என்று நான் இட்லியை முடிப்பதற்குள் அவரே, "வாங்க மச்சான், ஒண்ணு காட்டணும்" என்று கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போனார். சுவரோடு திருகி வைத்த இரும்புப் பெட்டிக்குள் ரைபிள். தோட்டாக்கள் வேறொரு பூட்டுப் பெட்டியில். போலீஸ் எந்த நாளும் வந்து பார்க்கலாமாம். ஊரில் என் துப்பாக்கி பீரோவில் என் மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே படுத்திருப்பதை நான் சொல்லவில்லை.

குழலுக்குள் என் சுண்டுவிரல் தாராளமாகப் போகும். தோட்டாவோ சின்ன வெள்ளரிப் பிஞ்சு நீளம். நான் தொடப் போனதும், "தொடாதீங்க மச்சான், உங்களுக்கு இங்க லைசென்ஸ் இல்லை" என்று தானே எடுத்துக் காட்டினார். இரண்டு ரகம் இருந்தது. ஒன்றின் முனையில் ஈயம் தெரிந்தது. மற்றது முழுக்கப் பித்தளையில் கடைந்தது, முனை தட்டை.

"ஈயம் போட்டது உடம்புக்குள்ள போனதும் விரியும். நிதானமா நிக்கற மாட்டுக்கு அது போதும், சீக்கிரம் விழும். இந்தப் பித்தளை விரியாது. சாலிட்னு சொல்வாங்க. எலும்பு, தோல் எது வந்தாலும் துளைச்சுக்கிட்டு நேராப் போகும். எதைக் கொண்டு போறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை."

"ரெண்டையும் வச்சிட்டு வீட்டோட இருந்துட்டா?" என்றேன். நான் யோசித்து வைத்திருந்த பெரிய பேச்சு இந்த ஒரு வரியாகச் சுருங்கிப் போனது.

அவர் சிரிக்கவில்லை. "நான் போகலைன்னா அனுபவமே இல்லாத ஒருத்தரை அனுப்புவாங்க மச்சான். நோய் இருக்கா இல்லையான்னு தெரியலைன்னா நாளைக்குப் பண்ணை மாடுங்க அத்தனையும் போகும். கலை பயப்படறது எனக்குத் தெரியாமலா? எனக்கும் பயம்தான். அதனாலதான் தோட்டாவ இவ்வளவு யோசிக்கறேன்." தூதுவனாக வந்தவன் முதல் பேச்சிலேயே தோற்றுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் ஆயுத பூஜைச் சாமான் வாங்க நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹரிஸ் பார்க்குக்குத் தனியாகக் கிளம்பினேன். தெரிந்தவன் மாதிரி ஏறிய ரயில், ஹரிஸ் பார்க்கில் நிற்காமல் பறந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவரிடம் புலம்பினேன். "அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பு. பிறகு ஹரிஸ் பார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் பரமட்டாவிலிருந்து நடந்து போ, நண்பா. உன் வயிற்றுக்கும் நல்லது" என்றார். முன்பின் தெரியாதவர் வயிற்றைப் பற்றிப் பேச எங்கள் ஊரில்தான் உரிமை என்று நினைத்திருந்தேன்.

நடந்தேன். பொரி, கடலை, வாழைப்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் ஒரே தெருவில் கிடைத்தன. ஜிலேபி எண்ணெயிலிருந்து நேராகப் பாகுக்குள் போவதைப் பார்த்தபடி நின்று சாப்பிட்டேன். பெரியவர் சொன்ன வயிறு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

பூஜை என் தலைமையில் நடந்தது. கலையின் தையல் மெஷின், மாப்பிள்ளையின் ஸ்டெதஸ்கோப், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு. ரைபிளுக்கும் வைத்தோம். "தோட்டாவுக்கு?" என்றேன். ஊரில் வருடா வருடம் தோட்டாப் பெட்டி மேல் வைப்பது வழக்கம். இங்கே என் உற்சாகம் பெட்டியோடு நிற்கவில்லை. மாப்பிள்ளை ஐந்து பித்தளைத் தோட்டாக்களைத் தாம்பாளத்தில் படுக்க வைத்தார். "நீங்க தொடக்கூடாது" என்று மறுபடி ஆரம்பித்தார்.

"நான் எங்க தொடறேன்? சந்தனம்தான் தொடுது" என்று ஒவ்வொன்றின் வயிற்றிலும் விரலால் தடித்த பொட்டாக வைத்தேன். கலை அதன்மேல் குங்குமம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு வெகுநேரம் அசைந்தது. மறுநாள் காலை அவளே ஒரு துணியால் துடைத்துக் கொடுக்க, மாப்பிள்ளை அவற்றைப் பெட்டியில் பூட்டினார்.

பிறகு மூவருமாகக் காரில் மெல்பனுக்குக் கிளம்பினோம். எந்தத் தோட்டா என்று சிவநேசனைக் கேட்டு, அவர் போகும் பயிற்சித் திடலில் சுட்டுப் பார்த்து முடிவு செய்வதாகத் திட்டம். வழியெல்லாம் மஞ்சள் புல்லும் ஆடுகளும்தான். எங்கள் பக்கம் இந்நேரத்துக்கு நாலு டீக்கடை, ஒரு கல்யாண மண்டபம், இரண்டு தலைவர் சிலை வந்திருக்கும். மதியம் கார் ஒரு மேட்டில் புகைவிட்டு நின்றது. ரேடியேட்டர் குழாயில் வெடிப்பு. உதவி வண்டி வரும்வரை மரத்தடியில் புளியோதரை சாப்பிட்டோம். வந்த மெக்கானிக்குக்கும் கலை ஒரு தட்டு கொடுத்தாள். அவர் முதல் வாய்க்குக் கண்ணீர் விட்டு, இரண்டாம் தட்டு கேட்டார்.

மெல்பன் புறநகரான டார்னெய்ட் போய்ச் சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. சிவநேசன் கைத்தடியோடு வாசலுக்கே வந்தார். "வாங்கோ அண்ணை, உந்தக் கதிரையிலை இருங்கோ. களைச்சுப்போய் வந்திருக்கிறியள்." அவர் மனைவி ராஜினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தேத்தண்ணி கொண்டு வாறன். சாப்பாடும் ஆச்சுது" என்றார். புட்டு, சொதி, கணவாய்க் கறி. கணவாயை நான் அதுவரை சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன். அன்று மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சிவநேசன் மேசை மேல் இரண்டு உலோகத் துண்டுகளை வைத்தார். இரண்டும் அவர் காலை முறித்த கிடாவின் உடம்பிலிருந்து எடுத்தவை. ஒன்று எண்ணெயில் பொரிந்த வடகம் மாதிரி நாலா பக்கமும் விரிந்து கிடந்தது. மற்றது பித்தளை. கீறல் விழுந்திருந்ததே தவிர உருவம் மாறவில்லை.

"இது நான் சுட்டது" என்று விரிந்ததைத் தொட்டார். "என்னை நோக்கி நேரா வந்தது. தோள் எலும்பிலை பட்டு விரிஞ்சு, அங்கேயே நிண்டிட்டுது. மாடு நிக்கேல்லை. மற்றது வேட்டைக்காரன் சுட்டது. நெஞ்சாலை போய்ப் பின் தொடைக்குக் கிட்டக் கிடந்தது. அதாலைதான் நான் இருந்து கதைக்கிறன்."

"அப்போ சாலிட் மட்டும் கொண்டு போகட்டுமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"இல்லை. கூட்டமா நிக்கேக்கை சாலிட் ஒண்டுக்குள்ளாலை போய்ப் பின்னுக்கு நிக்கிறதையும் காயப்படுத்தும். காயப்பட்ட ரெண்டாவது மாட்டை ஒருத்தரும் கவனிக்க மாட்டினம். துவக்கிலை முதலாவது விரியிறதாய் இருக்கட்டும். அதுக்குப் பிறகு எல்லாம் சாலிட். காயப்பட்டது வந்தாலும் சரி, ஓடினாலும் சரி, சாலிட்தான் உள்ளுக்குப் போகும். முனை தட்டையா இருக்கிறது நல்லம். உருண்டை முனை சிலவேளை உள்ளுக்குள்ளை வழி மாறும். ஆனா உங்கடை துவக்கு தட்டை முனையை ஒழுங்கா விழுங்குதோ எண்டு பாக்க வேணும். விழுங்காட்டில் அது என்ன நல்ல சன்னமெண்டாலும் வேண்டாம்." அவர் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி, சன்னம் என்றால் தோட்டா.

சமையலறையில் ராஜினி கலையிடம் பேசுவது கேட்டது. கலை அழுதிருக்க வேண்டும். "போக வேண்டாம் எண்டு நானும் சொன்னனான். இவர் கேட்டவரோ? ஒரு வருசம் இவரைத் தூக்கி இருத்தினது நான்தான். எண்டாலும் ஒண்டு சொல்லுறன் பிள்ளை, மறிக்கிறதிலை செலவழிக்கிற நேரத்தைச் சரியா அனுப்பிறதிலை செலவழி." பிறகு பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் பயிற்சித் திடல். காதடைப்பும் கண்ணாடியும் மாட்டி என்னையும் கலையையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். திடலின் பொறுப்பு ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம். ஒல்லி உடம்பு, கனத்த குரல். மாப்பிள்ளை ஈய முனைத் தோட்டாக்களைச் சுட்டார். முதல் வெடிக்கு என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. எங்கள் ஊர்ப் பன்றிகள் இதைக் கேட்டால் கேரளாவுக்கே குடிபோயிருக்கும். தோட்டாக்கள் எல்லாம் குறியில் கைக்குட்டையால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன.

அடுத்தது பித்தளை. தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் தாழ்ப்பாளைத் தள்ளினார். முக்கால்வாசி போய் நின்றது. சிரமப்பட்டு வெளியே இழுத்து இன்னொன்றைப் போட்டார். அதுவும் அப்படியே. "அவசரம் வேண்டாம், கண்ணு. குழல் அந்தப் பக்கமே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. மூன்றாவது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. தாழ்ப்பாள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

சிவநேசன் நொண்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். இருவருமாக மெல்ல அசைத்து அதை வெளியே எடுத்தார்கள். மாப்பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தட்டை முனை இதுக்கு ஒத்துக்கலை. விடுங்க, ஈய முனையவே எல்லாத்துக்கும் கொண்டு போறேன். அதுவாவது சிக்காது" என்றார்.

சிவநேசன் தன் காலைப் பார்த்தார். கலையும் அந்தக் காலைத்தான் பார்த்தாள். வடகமாக விரிந்த அந்தத் துண்டு எல்லோர் மனதிலும் ஓடியது என்று நினைக்கிறேன். கலை என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

சிவநேசன் ஒரு கம்பியில் துணியைச் சுற்றி, குழலின் பின்பகுதியைத் துடைத்து எடுத்து எங்கள் பக்கம் வைத்தார். வெடிமருந்து நெடிக்கு நடுவே எனக்கு ஒரு வாசனை அடித்தது. கோயில் வாசனை. துணியை எடுத்து முகர்ந்தேன்.

"மாப்ள, அது முனை இல்லை. சந்தனம்" என்றேன்.

சிக்கிய மூன்றையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்கள். குங்குமம்தான் துடைபட்டிருந்தது. அடியில் சந்தனம் காய்ந்து இறுகி, பித்தளையோடு பித்தளையாக ஒட்டிக் கிடந்தது. நிறமும் ஒன்றே என்பதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டியதும் பொருக்காக உதிர்ந்தது. பூஜையில் படாத பித்தளைத் தோட்டாக்களைப் போட்டார்கள். தாழ்ப்பாள் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. மாப்பிள்ளை சுட்டார். பெட்டியிலிருந்த மிச்சம் அத்தனையும் சிக்காமல் உள்ளே போய், ஈய முனை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தன.

புல்லுக்குள், அந்த மிருகம் வரும்போது, என் பக்தி அவர் கையில் சிக்கியிருந்தால்? இல்லை, அதைத் தட்டை முனையின் குற்றம் என்று நம்பி, தவறான தோட்டாவோடு அவர் போயிருந்தால்? "மன்னிச்சுக்கங்க மாப்ள" என்றேன்.

"நல்லவேளை இங்க சிக்குச்சு. உங்க மூக்குக்குத்தான் மச்சான் பூஜை போடணும்" என்றார்.

அந்த அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். சிவநேசன் விளக்கினார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "என் அப்பா தன் ரைபிளுக்கு முத்தம் கொடுப்பார். அது துப்பாக்கிக்குள் ஒட்டவில்லை" என்றார்.

"பொட்டில்லாம நான் அனுப்ப மாட்டேன்" என்றாள் கலை திடீரென்று. நாங்கள் நால்வரும் திரும்பிப் பார்த்தோம். அனுப்ப மாட்டேன் என்ற சொல்லுக்கு முன்னால் அவள் ஒரு நிபந்தனை வைத்தது அதுவே முதல் தடவை.

சிவநேசன் யோசித்தார். "வையுங்கோ. ஆனா வயித்திலை இல்லை, பின்பக்கத்திலை. நடுவிலை உள்ள சின்ன வட்டத்தைத் தொடாமல், ஓரத்திலை மெல்லிசா நெயில் பொலிஷ். இடுப்புப் பட்டியிலை செருகினா பின்பக்கம் மட்டும்தான் தெரியும். பதட்டத்திலை எது சாலிட் எண்டு பாத்தவுடனை விளங்க வேணும். கனபேர் இப்பிடி நிறம் பூசிறவை."

சிட்னி திரும்பிய அன்றே கலை மேசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை புதுப்பெட்டிப் பித்தளைத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, அவள் மூச்சை அடக்கி ஓரத்தில் சிவப்பு வைத்தாள். "முதல்ல வெறும் நெத்தி. அதுக்கப்புறம் பொட்டு வச்சது. சொல்லுங்க பாப்போம்" என்று பிள்ளைக்குப் பாடம் கேட்பது போலக் கேட்டாள். அவர் சொன்னார். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் துப்பாக்கிக்குள் ஏற்றி இறக்கிப் பார்க்க, அடுத்த நாள் சிட்னித் திடலுக்கு ஒரு நடை போய் வந்தார். எதுவும் சிக்கவில்லை. நான் கை கட்டி வேடிக்கை பார்த்ததோடு சரி.

அவர் வடக்கே போனபின் வீடு ஓய்ந்து கிடந்தது. அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. காலையில் குளியலறைப் பக்கம் போகும்போதெல்லாம் கலை ஒரு நொடி நிற்பாள். நான் அவளை வெளியே இழுத்துப் போனேன். படகில் போனோம், பாலம் பார்த்தோம், கடற்கரையில் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். ஒரு கடற்பறவை என் மீனைப் பிடுங்கிக்கொண்டு போனதற்கு மட்டும் அவள் சிரித்தாள்.

ஒரு மதியம் வாசலில் கார் சத்தம். மாப்பிள்ளை இறங்கினார். தாடி, செம்மண், இரண்டு கால். இரண்டு காலையும் நான் முதலில் பார்த்துக்கொண்டேன். கலையும் அப்படித்தான் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். பின்பக்கம் நடுவில் ஊசி குத்திய குழி. ஓரத்தில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

"புல்லுக்குள்ள நின்னுச்சு. முன்னால போனவர் பார்க்கலை. என்னைப் பார்த்துத்தான் வந்துச்சு. முதல் குண்டுக்கு நிக்கலை. இதுக்கு மூக்கால மண்ணை உழுதுக்கிட்டு விழுந்துச்சு. கை நீட்டினாத் தொடலாம்." அவள் கையிலிருந்த கூட்டைப் பார்த்தார். "பாவம் அது. ரத்தம் எடுக்கும்போது உடம்பு சூடா இருந்துச்சு. நோய் எதுவும் இருக்கற மாதிரித் தெரியலை. டெஸ்ட் பண்ணினாத்தான் உறுதி." குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

கலை அந்தக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுவித் துடைத்தாள். சாமி அலமாரியில் நிறுத்தி, உள்ளே பச்சரிசி போட்டு நிரப்பி, ஒரு ஊதுபத்தியைச் செருகி ஏற்றினாள். அரிசி அதை நேராகப் பிடித்துக்கொண்டது. சந்தன ஊதுபத்தி.

குளியலறையில் பாட்டு தொடங்கியது. ராகம் வழக்கம்போல வேறெங்கோ போனது. இம்முறை கதவைத் தட்ட நான் எழுந்தேன். கலை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கத்தட்டும்ணே" என்றாள்.